எடுத்துவிடலாம், தோழர்

ஆசிரியர் தொலைபேசியில் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேனோ என்னவோ. "கட்டுரை நன்றாக வந்திருக்கிறது. அந்த ஆல்பம் வரியை மட்டும் எடுத்துவிடலாமா?" என்றுதான் கேட்டார். "எடுத்துவிடலாம், தோழர்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

2020 செப்டம்பர் 20 அன்று ரோம் நகரில் இத்தாலிய இடதுசாரி எழுத்தாளர் ரொஸ்ஸானா ரொஸ்ஸாந்தா இறந்தார். வயது 96. அஞ்சலிக் கட்டுரைக்கு எனக்குக் கிடைத்தது ஒரே பக்கம்.

அந்த வரி, 1978 மார்ச் 28 அன்று இல் மனிஃபெஸ்தோ நாளிதழில் அவர் எழுதியது. மெய்க்காவலர் ஐவரைக் கொன்றுவிட்டு முன்னாள் பிரதமர் அல்தோ மோரோவை, ஆயுதம் ஏந்திய தீவிர இடதுசாரிக் குழுவான செம்படையணியினர் கடத்திப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவர்களுக்கும் நமக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி சொல்லிக்கொண்டிருந்த நேரம். ரொஸ்ஸாந்தாவோ, ஐம்பதுகளில் கம்யூனிஸ்டாக இருந்த எவரும் செம்படையணியின் அறிக்கைகளின் மொழியைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள், குடும்ப ஆல்பத்தைப் புரட்டுவது போல இருக்கிறது என்று எழுதினார். கட்சி கொதித்துப்போனது.

"வரி அவருடையதுதான். ஆனால் அதை எடுத்து வீசியவர்கள் எல்லாம் யார் என்று பாருங்கள்" என்றார் ஆசிரியர். அதில் பொய்யில்லை. ரொஸ்ஸாந்தா பேசியது ஒரு மொழியைப் பற்றி, உலகத்தை இரண்டே முகாமாகப் பிரித்துப் பார்த்த பழைய பார்வையைப் பற்றி. கட்சிதான் துப்பாக்கியைக் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் இத்தாலிய வலதுசாரிகள் பல ஆண்டுகள் அதை அப்படித்தான் பயன்படுத்தினார்கள். இவ்வளவையும் விளக்க இன்னொரு பக்கம் வேண்டும். விளக்காமல் போடுவதைவிடப் போடாமல் விடுவதே நியாயம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றும் சில நாட்களில் அது சரியென்றே படுகிறது.

மற்ற நாட்களில் 1969 நினைவுக்கு வருகிறது. ரொஸ்ஸாந்தா மாணவியாக இருந்தபோதே பாசிச எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கியவர். கட்சித் தலைவர் தொல்யாத்தியே அழைத்துக் கட்சியின் பண்பாட்டுப் பிரிவை ஒப்படைத்தார். 1963இல் நாடாளுமன்ற உறுப்பினர். 1969இல் கட்சிக்குள் இருந்துகொண்டே, தோழர்களுடன் சேர்ந்து மாத இதழாக இல் மனிஃபெஸ்தோவைத் தொடங்கி, சோவியத் டாங்குகள் நுழைந்த செக்கோஸ்லோவாகியத் தலைநகர் பிராக் தனித்து விடப்பட்டிருக்கிறது என்று செப்டம்பர் இதழில் எழுதினார்கள். இதழை நிறுத்தும்படி கட்சி சொன்னது. நிறுத்தவில்லை. நவம்பரில் வெளியேற்றப்பட்டார்கள். அப்படிப்பட்டவருக்கு எழுதிய அஞ்சலியில்தான், ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரு வரியை விட்டுக்கொடுத்தேன்.

ஆசிரியரைக் குறை சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவர் கண்ணில் படுவதற்கு முன்பே இன்னொரு வரியை நான் அடித்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ரொஸ்ஸாந்தாவோடு வெளியேற்றப்பட்டவர்களில் லூச்சோ மாக்ரியும் ஒருவர். மனைவியை இழந்த துயரிலிருந்து மீளாமல், 2011 நவம்பரில், மருத்துவ உதவியுடன் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ள அவர் சுவிட்சர்லாந்து போனபோது, 87 வயதில் ரொஸ்ஸாந்தா உடன் போனார். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். போக வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நெருக்கமும் அவருக்கு இருந்தன. கடைசிவரை அருகில் இருந்தார்.

தொற்றுக் காலத்தில் வாசகர்களுக்கு இது வேண்டாம் என்பதுதான் நான் வைத்துக்கொண்ட காரணம். அதே மாதம் என் பழைய நண்பர் ஒருவர் தொற்றில் இறந்தார். மருத்துவமனை வாசல்வரைகூட நான் போகவில்லை. போயிருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அதற்கும் அந்த வரியை அடித்ததற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், இல்லை என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை.

அஞ்சலிகளைத் தொகுத்து நூலாக்கப் போவதாகச் சென்ற மாதம் ஆசிரியர் பேசினார். "இடம் இருக்கிறது, விட்டதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். ஆல்பம் வரியை அன்றிரவே விளக்கத்தோடு சேர்த்துவிட்டேன். மாக்ரியைப் பற்றிய பத்தி மேசையில்தான் கிடக்கிறது.