கறுப்பு வெள்ளைப் படத்தில் புடவை என்ன நிறம்?

போன தீபாவளிக்கு வெள்ளையடிக்கிறோம் என்று பரணைக் காலி செய்தபோது கீழே இறங்கிய டிரங்குப் பெட்டி இன்னும் மேலே ஏறவில்லை. உள்ளே மூன்று ஆல்பம், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய உதிரிப் படங்கள், ரப்பர் பேண்டு உருகி ஒட்டிப்போன ஒரு கட்டு இன்லேண்ட் லெட்டர், அப்பா அம்மா கல்யாணத்து மொய் நோட்டு. எல்லாவற்றையும் ஒட்டி, கீழே குறிப்பெழுதி ஒரு ஸ்கிராப்புக் செய்துவிடலாம், மிஞ்சிப்போனால் ஒரு வாரம் ஆகும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எட்டு மாதம் ஆகிறது, பாதிதான் முடிந்திருக்கிறது. இதற்குள் செய்த தப்பும் கற்றுக்கொண்டதும் நிறைய, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கை வைத்தது 1989 ஆல்பத்தில். தம்பியின் காதுகுத்து. அந்தக் காலத்தில் ஒரு வகை ஆல்பம் வந்ததே, அட்டைப் பக்கத்தில் கோடு கோடாகப் பசை, மேலே பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள், படத்தை வைத்து மூடினால் வேலை முடிந்தது, அதுதான். வாங்கும்போது ரொம்ப நவீனமாக இருந்திருக்கும். இப்போது அந்தப் பசைக் கோடுகள் எல்லாம் பழுப்பாகி, படத்தின் முதுகைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நகத்தால் கிளப்பப் பார்த்தேன். மொட்டைத் தலையோடு தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு ஒரு காது போயிற்று, காதுகுத்துப் படத்தில் காது இல்லை!

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. மருந்துக்கடையில் பல் இடுக்குக்கு விற்கிற ஃபிளாஸ் நூல் இருக்கிறதில்லையா, மெழுகு தடவாததாகப் பார்த்து ஒரு முழம் எடுத்து, இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, படத்தின் மூலைக்குக் கீழே நுழைத்து ரம்பம் இழுக்கிற மாதிரி மெதுவாக இப்படியும் அப்படியும் இழுத்தால் நூல் பசையை அறுத்துக்கொண்டே போகிறது. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம். அவசரப்பட்டால் மூலை மடங்கும். அப்படியும் வராத படத்தை விட்டுவிடுங்கள், பக்கத்தோடு சேர்த்து அப்படியே ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். சட்டம் போட்டு மாட்டியிருந்த படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான், பிய்க்காமல் கண்ணாடியோடு வைத்து எடுத்துவிடுங்கள். எதிலுமே பிரிக்கிற வேலைக்கு முன்னால் ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும். நான் அதைச் செய்திருந்தால் அந்தக் காது இன்றைக்கு இருந்திருக்கும்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். என் மகள் வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் படம், 20 வாரத்தில் எடுத்தது, பர்ஸிலேயே வைத்திருந்து வைத்திருந்து சாம்பல் நிறமாக மங்கிக்கொண்டே வந்தது. பத்திரப்படுத்துகிறேன் என்று தெருமுனைக் கடையில் கொடுத்து லாமினேட் பண்ணச் சொன்னேன். இயந்திரத்துக்குள் ஒரு பக்கம் படம் போனது, மறுபக்கம் கறுப்புத் தகடு வந்தது. கடைக்காரப் பையன் என் முகத்தைப் பார்க்க, நான் அவன் முகத்தைப் பார்க்க. அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான கர்ப்ப ஸ்கேன் படங்கள் சூட்டால் கறுக்கிற தாளில்தான் அச்சாகின்றன, பஸ் கண்டக்டர் கைமெஷினில் அடித்துத் தருகிற டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு, கடை பில் எல்லாமே அதே ரகம். லாமினேஷன் சூட்டில் கறுக்கும், சும்மா வைத்திருந்தால் சில வருடத்தில் வெளுக்கும். கைக்கு வந்த அன்றே போனில் படம் எடுத்து, நல்ல தாளில் பிரிண்ட் போட்டு, அதைத்தான் ஒட்ட வேண்டும். பொதுவாகவே எந்தப் பழைய தாளையும் லாமினேட் பண்ணாதீர்கள், திரும்பப் பிரிக்க வழியே கிடையாது.

ஒட்டுவது என்றதும் வீட்டில் எல்லோர் கையும் செல்லோடேப்பைத் தேடிப் போகும். வேண்டவே வேண்டாம். பத்து வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், பழுப்புக் கறை மட்டும் போகாது. ஃபெவிக்கால் ஈரத்துக்குத் தாள் சுருங்கிப் பப்படம் மாதிரி எழும்பும். மைதாப் பசை காய்ச்சினால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி, அதற்குத்தான் பைண்டிங் கடைகளில் பசையில் மயில்துத்தம் என்கிற விஷ உப்பைக் கலப்பார்கள், ஆனால் துத்தம் கலந்த பசையைப் படத்தின் மேல் தடவ எனக்குத் தைரியம் இல்லை.

இதற்கெல்லாம் விடை அந்த மூன்று ஆல்பத்தில் பழையதிலேயே இருந்தது. கறுப்பு அட்டைப் பக்கங்கள், நடுநடுவே சிலந்திவலை டிசைன் போட்ட பட்டர் பேப்பர், படத்தின் நான்கு மூலைக்கும் சின்னச் சின்ன முக்கோண உறை. 50 வருடத்துக்கு மேல் ஆன ஆல்பம். படத்தை வெளியே உருவி, பின்பக்கம் பார்த்துவிட்டு, மறுபடி செருகலாம். அந்த முக்கோணத்தை வீட்டிலேயே செய்யலாம்: ஒரு அங்குல அகலம், இரண்டு அங்குல நீளத்தில் தாளை வெட்டி, நீளவாக்கில் படுக்க வைத்து, இரண்டு முனையையும் நடுவில் சேருகிற மாதிரி கீழ்நோக்கி மடித்தால் காகிதக் கப்பலின் முதல் மடிப்பு மாதிரி ஒரு முக்கோணம் வரும். அதற்குள் படத்தின் மூலையைச் செருகி, பசையை முக்கோணத்தின் முதுகில் மட்டும் தடவுங்கள். படத்தின் மேல் ஒரு பொட்டுப் பசை படக்கூடாது.

பக்கத்துக்கு என்ன தாள் என்று கேட்டால், அமிலம் இல்லாத தாள் என்று அச்சிட்டு விற்பதை வாங்குங்கள். கொஞ்சம் கனமாக, 200 ஜி.எஸ்.எம். அளவில் இருந்தால் படத்தின் பாரத்தைத் தாங்கும். நான் பாண்டிச்சேரி போனபோது ஆசிரமத்துக் கைவினைக் காகிதம் வாங்கி வந்தேன், பருத்தியில் செய்தது, விலை கொஞ்சம் கடித்தது, ஆனால் தொட்டாலே ஒரு சுகம். பிளாஸ்டிக் உறை போடுவதானால் பாலிப்ரோப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். பிரித்ததும் புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பி.வி.சி., கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். செய்தித்தாளில் வந்த தாத்தாவின் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் மாதிரி எதையாவது வெட்டி வைத்திருந்தால் அதையும் நேரடியாக ஒட்டாதீர்கள். மரக்கூழ்த் தாள், தானும் மஞ்சளாகி பக்கத்தில் இருப்பதையும் மஞ்சளாக்கும். ஜெராக்ஸ் போதும்.

சரி, இது எல்லாம் கைவேலை. நிஜமான தலைவலி பிஸ்கட் டப்பாவில் இருந்தது. சுமார் 200 படம், தேதி இல்லை, பெயர் இல்லை. முகத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்துத் தோற்றுப்போனேன், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மூக்கு. அப்புறம் முகத்தை மறந்துவிட்டு அளவையும் ஓரத்தையும் பார்த்து அடுக்கினேன். சதுரப் படம் எல்லாம் பெரியப்பாவின் அக்ஃபா கிளிக் கேமராவில் எடுத்தவை, ஒரு ரோலுக்கு 12 படம், அதனால் ஒரே மாதிரி ஓரம் வெட்டிய பன்னிரண்டைச் சேர்த்தால் ஒரு விசேஷமோ ஒரு பயணமோ தானாக ஒன்றுகூடி வந்தது. அதே டப்பாவில் ஊட்டித் தொழிற்சாலையின் ‘இந்து’ ஃபிலிம் அட்டைப்பெட்டி ஒன்றும் கிடந்தது, அதையும் ஒட்டிவிட்டேன். ஸ்டூடியோ படம் என்றால் பின்னால் முத்திரை இருக்கும், ஊர் தெரிந்துவிடும். பின்பக்கம் நீங்கள் ஏதாவது எழுதுவதானால் பால்பாயிண்ட் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தழும்பாகத் தெரியும். மெத்தென்ற 2பி பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். கலர்ப் படங்களின் பின்பக்கம் வழுவழுப்பு, பென்சில் பிடிக்காது, அதற்கு ஆல்பப் பக்கத்திலேயே எழுதிவிடுவது மேல்.

ஸ்கேனர் இருந்தால் 600 டி.பி.ஐ. துல்லியத்தில் எடுங்கள், பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. போன் என்றால் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல்.

எழுதுவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இணையத்தில் ஸ்கிராப்புக் என்று தேடினால் ஸ்டிக்கர், ரிப்பன், கிளிட்டர், ஓரம் கத்தரிக்கிற விசேஷக் கத்தரிக்கோல் என்று குவிகிறது. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்துக்குக் கீழே நாலு வரி இல்லை என்றால் என் மகளுக்கு அது யாரோ ஒரு குடும்பம். அதனால் கிளிட்டருக்கு வைத்திருந்த காசில் மன்னார்குடியிலிருந்து அத்தையை வரவழைத்தேன்.

அத்தைக்கு 81 வயது, கண் மங்கல், ஞாபகம் கூர்மை. முதல் நாள் நான் ஒவ்வொரு படமாகக் காட்டி ‘இது யாரு, இது யாரு’ என்று கேட்க, அரை மணியில் சலித்துப்போய் ‘போதும்டி, எனக்கு இன்னும் விளக்கு ஏத்தணும்’ என்று எழுந்துவிட்டார். மறுநாள் கேள்வியை மாற்றினேன். அப்பா அம்மா கல்யாணப் படத்தை, 1974, கறுப்பு வெள்ளை, கையில் கொடுத்து ‘அம்மா புடவை என்ன நிறம் அத்தை?’ என்றேன். அவ்வளவுதான். அரக்கு, பச்சைக் கரை, அந்தக் கரைக்கு நேராக ரவிக்கை கிடைக்காமல் கும்பகோணம் வரை போய்த் தேடியது, போன இடத்தில் தாத்தாவின் செருப்புத் தொலைந்தது, தாலி கட்டும்போது நாதஸ்வரக்காரருக்கு இருமல் வந்தது, பந்தியில் இரண்டாவது பாயசம் தீர்ந்தது. இரண்டு மணி நேரம் நிற்கவே இல்லை. போனை ரெக்கார்டில் போட்டுப் புடவைத் தலைப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், குறிப்பெடுக்க ஆரம்பித்தால் பேசுகிறவர்கள் வாய் அடைத்துப்போகும்.

இப்போது எல்லாக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் கீழே நிறத்தை எழுதுகிறேன். ‘புடவை அரக்கு. பந்தல் துணி மஞ்சள். அப்பாவின் முகம் வெயிலில் சிவந்திருந்ததாம்.’ அந்த அரக்குப் புடவை மடிப்பு மடிப்பாகக் கிழிந்து பீரோ அடியில்தான் கிடந்தது. உள்ளங்கை அளவு வெட்டி எதிர்ப்பக்கத்தில் தைத்துவிட்டேன், ஒட்டவில்லை. ஜரிகை கறுக்கும், படத்தோடு உரசவும் செய்யும், அதனால் நடுவில் ஒரு தாள்.

படம் இல்லாத பக்கங்களும் வைத்திருக்கிறேன். பாட்டி அப்பாவுக்கு எழுதிய இன்லேண்ட், மேலே பிள்ளையார் சுழி, ‘நலம், நலமறிய ஆவல்’, கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதியது. அதைப் பிரித்துப் படிக்கிற மாதிரி ஒரு கவருக்குள் போட்டு, கவரைத்தான் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். தடித்த அட்டை ரயில் டிக்கெட் ஒன்று. அம்மா கைப்பட எழுதிய நார்த்தங்காய் ஊறுகாய்க் குறிப்பு, எண்ணெய்க் கறையோடு. மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் பக்கத்துத் தாளில் இறங்குமென்பதால் தனி உறையில். அப்பாவிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, அவர் பிறந்த வீட்டின் படம் வரையச் சொன்னேன். ‘எனக்கு வரையத் தெரியாது’ என்று ஆரம்பித்தவர், திண்ணை, ரேழி, முற்றம், கிணறு, கொல்லைப்புறத்தில் முருங்கை மரம் என்று போட்டுக்கொண்டே போய், மாடு கட்டுகிற இடத்தில் பசுவின் பெயரையும் எழுதினார். அந்த வீடு இடித்து 20 வருடம் ஆகிறது. ஒரு புகைப்படம்கூட இல்லை. இந்த ஸ்கிராப்புக்கிலேயே எனக்குப் பிடித்த பக்கம் இதுதான். பூ மட்டும் வைக்காதீர்கள், மல்லிகைச் சரத்தை ஆசையாக அமுக்கி வைத்து அது பழுப்புப் பொடியாகி, பூச்சியும் வந்துவிட்டது.

மொய் நோட்டைப் பிரிக்க மனம் வரவில்லை. சில பக்கங்களை மட்டும் கலர் ஜெராக்ஸ் எடுத்து, கல்யாணப் படங்களுக்குப் பின்னணித் தாளாகப் போட்டேன். எவர்சில்வர் குடம் 1, 11 ரூபாய், 5 ரூபாய், ஊர்ப் பெயர்கள், யாருடைய கையெழுத்தோ, அழகான சாய்வெழுத்து. படத்தில் இருப்பவரின் பெயரை நோட்டில் தேடிப் பிடித்து அந்த வரியைப் பக்கத்தில் வைப்பது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது, மகளும் சேர்ந்துகொண்டாள்.

அப்படித்தான் அந்த ஆள் வந்தார். மூன்று கல்யாணப் படத்தில் அப்பாவுக்குப் பின்னாலேயே நிற்கிறார், கக்கத்தில் ஒரு டார்ச் லைட், கேமராவை நேராகப் பார்க்கிறார். அப்பாவுக்குத் தெரியவில்லை, பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. அத்தை படத்தைக் கண்ணருகில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ‘மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் ஓட்டிண்டு வந்தவர்டி. நீலச் சட்டை. போட்டோ எடுக்கறப்போல்லாம் வந்து நின்னுடுவார்.’ பெயர் அத்தைக்கும் ஞாபகம் இல்லை. மகள் மொய் நோட்டை முதலிலிருந்து விரல் வைத்துத் தேடினாள். 14ஆம் பக்கத்தில், கிட்டத்தட்டக் கடைசியில், ‘கார் டிரைவர், ரூ. 2’ என்று இருக்கிறது.

மூன்று படத்தையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டேன். கீழே ‘நீலச் சட்டை, மொய் இரண்டு ரூபாய்’ என்று எழுதி, பெயருக்கு மட்டும் பென்சிலில் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன்.