டெஹாமா மலையின் வயிற்றுக்குள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள லாசன் எரிமலைத் தேசியப் பூங்காவின் தென்மேற்கு வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், அழுகிய முட்டை வாடை காருக்குள் வந்துவிட்டது. சல்பர் வொர்க்ஸ் என்ற வெந்நீர், கொதிசேற்றுப் பகுதி. சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறச் சேறு கூழ் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம், பனிநீர் வற்றியதால் சேறு நல்ல கெட்டி. ஒரு குமிழி மெல்ல உப்பும், தோல் மினுங்கும், பொளக்கென்று உடையும். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிமிர்ந்தால் எதிரே புரோக்காஃப் மலை, பக்கத்தில் டில்லர். இரண்டும் தனி மலைகள் அல்ல. டெஹாமா என்ற ஒரே பெரிய எரிமலையின் மிச்ச விளிம்புகள். சுமார் 6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வளரத் தொடங்கியது அது. நாங்கள் நின்ற இடம் ஏறக்குறைய அதன் நடு வயிறு!

அவ்வளவு பெரிய மலை எங்கே போனது? வெடித்து உள்வாங்கிவிட்டது என்றுதான் முன்பு நினைத்தார்கள். உண்மையில் அதைக் கரைத்தது இந்தச் சேற்றைக் கொதிக்கவைக்கும் ஆவிதான். மழையும் பனிநீரும் பாறை இடுக்குகளில் இறங்கி, அடியில் சூடேறி, ஆவியாக மேலே வருகின்றன. கூடவே வரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிறது. அமிலம் ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறையைக் களிமண்ணாக்கிவிடும். சரிவில் உடைந்து கிடந்த ஒரு கல்லில் அது அப்படியே தெரிந்தது: நடுவில் கருஞ்சாம்பல், சுற்றிலும் சுண்ணாம்பு போல உதிரும் வெள்ளை. இப்படி நொந்துபோன மலையைப் பனியாறுகள் வழித்துக்கொண்டு போயின.

அப்புறம் பம்பஸ் ஹெல், அதே பூங்காவில் இன்னொரு கொதிசேற்று இடம். போக வர 5 கிலோமீட்டர் நடை. 1860களில் பம்பஸ் என்பவர் இங்கே மெல்லிய மேலோடு உடைந்து கொதிசேற்றில் கால் வைத்து, அந்தக் காலையே இழந்தார். பெயர் அவருடையதுதான். பலகைப் பாதையை விட்டு இறங்கவே இறங்காதீர்கள். வெள்ளை மண் கெட்டியாகத்தான் தெரியும். அங்குள்ள 'பிக் பாய்லர்' ஆவித்துளையில் 161 டிகிரி செல்சியஸ் வரை அளந்திருக்கிறார்கள். அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழவில்லை.

திரும்பும்போது சல்பர் வொர்க்ஸில் மறுபடி இறங்கினேன். கீழே ஓடை கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. டெஹாமாவின் களிமண், இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக.