நாலு பக்கமும் சரிதான்

"சார், டேப் நுனியை அந்த மூலையில பிடிங்க."

பிடித்தேன். மேஸ்திரி குறுக்கே நடந்து எதிர்மூலைக்குப் போனார். 79 அடி சொச்சம். அடுத்த குறுக்கு, 64 சொச்சம்.

டேப்பைச் சுருட்டாமல் கொஞ்ச நேரம் நின்றார். "மனை கோணல் சார்."

எப்படி? வடக்கும் தெற்கும் 60. கிழக்கும் மேற்கும் 40. பத்திரத்தில் இருப்பது அப்படியே இருக்கிறது. ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி என்றுதானே காசு கொடுத்தேன்!

"மூலைமட்டமா இருந்தா ரெண்டு குறுக்கும் 72 வரணும் சார்."

ஆட்டம் கண்ட பழைய பெஞ்சு ஒரு பக்கம் சாய்கிற மாதிரி. காலின் நீளம் குறையாது, உயரம்தான் குறையும். தெற்கு எல்லையிலிருந்து செங்குத்தாக அளந்தால் 39 அடிதான். 60 × 39, வெறும் 2,340.

60 சதுர அடி போச்சு. பத்துக்கு ஆறு, ஒரு பாத்ரூம்.

நீளம் பெருக்கல் அகலம் என்று பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுச் சொன்னவன்தான் நான். எந்த அகலம், சரிந்ததா நேரானதா என்று கேட்டதே இல்லை. (கேட்டிருந்தால் குட்டுதான் கிடைத்திருக்கும்.)

சுற்றளவு மட்டும் அசையவில்லை. காம்பவுண்டுக்கு அதே 200 அடி. மேஸ்திரி செங்கல் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.