பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைக் குறிப்புகள்

டிசம்பர் 9
காலையில் ஹைட்ராலிக் பிரஸ்ஸை ஓட்டியதும் அதன் எண்ணெய்ப் பம்பில் அதே ஊளை. எண்ணெய் சூடேறினால் கொஞ்சம் அடங்குகிறது. ஓனர் எட்டிப் பார்த்து, "பம்ப் ஹோய்த்து, போச்சு, மாத்து" என்றார். தீபாவளிக்கு முன்புதானே மாற்றினோம்!

டிசம்பர் 10
அப்போது கழற்றிய பழைய பம்பின் போர்ட் பிளேட்டை, அதாவது எண்ணெய் வந்துபோகும் வாய்கள் உள்ள தட்டை, ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். உறிஞ்சும் பக்கம் (சக்‌ஷன்) முடிந்து அழுத்தப் பக்கம் தொடங்கும் ஓரத்தில் பொடிப்பொடிக் குழிகள், நகம் மாட்டுகிறது. தூசி தின்றிருந்தால் கோடு கோடாக இருக்கும். இது கேவிடேஷன். சக்‌ஷனில் அழுத்தம் விழுந்தால் எண்ணெயில் கரைந்த காற்றும் எண்ணெய் ஆவியும் குமிழாகும். அழுத்தப் பக்கம் போனதும் அவை நசுங்கி உலோகத்தைக் கொத்தும். புதுப் பம்பையும் கொத்திக்கொண்டுதான் இருக்கும்.

டிசம்பர் 11
மனைவி பிரசவத்துக்கு ஓசூரில் அவள் அம்மா வீட்டில். அங்கிருந்து போன் வரவில்லை.

டிசம்பர் 12
"காத்து வாங்குதுப்பா" என்கிறார் ஃபிட்டர் அண்ணன். சக்‌ஷன் ஜாயின்ட் ஒன்றுவிடாமல் கிரீஸ் அப்பினோம். சத்தம் இம்மியும் மாறவில்லை, டேங்கில் நுரையும் இல்லை. காற்று புகுந்தால் டப்பாவில் கூழாங்கல் குலுக்கின மாதிரி கடகடக்கும். இது ஒரே சுருதியில் கீச்சிடுகிறது.

டிசம்பர் 13
எண்ணெயை இழுக்கப் பம்ப் எவ்வளவு திணறுகிறது என்று அளக்க, அதன் உறிஞ்சும் வாயில் வேக்கம் கேஜ் மாட்டினேன். காலையில் 9 இன்ச் மெர்க்குரி. 5 தாண்டினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சென்னையில் இதே பிரஸ் சத்தமில்லாமல் ஓடுகிறதாம், மேனேஜர் குத்திக் காட்டுகிறார். டேங்கிலிருந்து எண்ணெயைப் பம்புக்குத் தள்ளுவதே வெளிக்காற்றின் அழுத்தம்தான். 900 மீட்டருக்கு மேலே இருக்கும் பெங்களூருவில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. சொன்னேன். சிரித்தார்.

டிசம்பர் 14
ஞாயிறு. பக்கத்து வீட்டு மிக்ஸியிலும் அந்தக் கீச்சு. டாக்டர் இன்னும் நாள் இருக்கிறது என்றாராம். அத்தை குரல் சரியில்லை.

டிசம்பர் 16
டேங்கைத் திறக்க ஒருவழியாக அனுமதி. பம்புக்குப் போகும் எண்ணெயை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் முழுக்கப் பனியன் வேஸ்ட் நூல், சீல் ரப்பர் துணுக்கு. எண்ணெய்க்குள் முழுகிக் கிடப்பதை யார் பார்க்கிறார்கள்? அதைவிடக் கொடுமை டேங்குக்குள் காற்று விடும் பிரீதர் மூடி. போன வருஷ ஆயுத பூஜைக்கு டேங்குக்குப் பச்சை பெயின்ட் அடித்த மகராசன் மூடியின் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்திருக்கிறான். சிலிண்டர் நீளும்போது டேங்கில் எண்ணெய் இறங்கும், அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை. அப்போதெல்லாம் ஊளை ஏறியது அதனால்தான். ஊசியால் குத்திப் பார்த்தேன், பெயின்ட் தோலாக உரிந்தது. புதிதாகவே வாங்கச் சொன்னேன்.

டிசம்பர் 17
காலையில் 3 இன்ச். ஊளை இல்லை. இப்போதைய விஜி 68 எண்ணெய்க்குப் பதில் பிசுப்புக் குறைந்த 46 ஊற்றலாமா என்று பம்ப் கம்பெனியிடம் கேட்கச் சொன்னேன். 68 என்பது 40 டிகிரியில் உள்ள பிசுப்பு, விடியற்காலை 15 டிகிரிக் குளிரில் அது பல மடங்கு. "இருக்கிற பேரல் தீரட்டும்" என்கிறார் ஓனர். அதுவரை லோடு இல்லாமல் சுற்றவிட்டுச் சூடேற்ற வேண்டும்.

டிசம்பர் 18
விடிகாலையில் அத்தை போன். ஓசூர் பஸ்ஸில் இருக்கிறேன். கேஜ் ரீடிங்கை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லி அண்ணனுக்கு