ஜிமேட்டுக்குத் தேதி போடும் முன்

எம்.பி.ஏ. போன்ற மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் ஜிமேட் தேர்வுக்குத் தேதி போடலாமா, இன்னும் ஒரு மாதம் தள்ளலாமா என்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் தடவை ஒரே ஒரு மாக் தேர்வை, அதாவது மாதிரித் தேர்வை, நம்பித் தேதி போட்டேன். அதில் 675 வந்திருந்தது. ஆனால் அதை எழுதிய விதம் சரியில்லை. குவான்ட் (கணிதப் பகுதி) முடிந்ததும் எழுந்து போய் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் வெர்பலை (ஆங்கில மொழிப் பகுதி) தொட்டேன். சில கேள்விகள் வேறு பயிற்சியில் ஏற்கெனவே பார்த்தவை. நிஜத் தேர்வில் 595தான் வந்தது.

அடுத்த தடவை மாக்கையும் நிஜத் தேர்வு போலவே எழுதினேன். மூன்று பகுதி, பகுதிக்கு 45 நிமிடம், நடுவில் ஒரே ஒரு 10 நிமிட இடைவேளை. குவான்ட்டில் கால்குலேட்டர் கிடையாது. அதிகாரப்பூர்வ இலவச மாக் இரண்டுதான் என்பதால் அவற்றைக் கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொண்டேன்.

மதிப்பெண்ணைவிட எனக்கு உதவியது தவறுகளை எழுதிய நோட்டு. ஒவ்வொரு தவறையும் மூன்றில் ஒன்றாகப் பிரித்தேன்: பாடமே தெரியாதது, தெரிந்தும் கோட்டைவிட்டது, நேரமில்லாமல் ஊகித்தது. ஒரு டேட்டா சஃபிஷியன்சி கேள்வி (கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று கேட்பது) நன்றாக நினைவிருக்கிறது. x-இன் மதிப்பு கேட்டிருந்தார்கள்; x² = 9 என்ற தகவலே போதும் என்று குறித்துவிட்டேன். -3 மனதில் வரவே இல்லை. நோட்டைப் புரட்டினால் அதே மாதிரித் தவறு நான்கு இடத்தில்! இன்னொரு மாக்கில் குவான்ட்டின் 14-ஆவது கேள்வியோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்டி, கடைசி மூன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தேன். 21 கேள்விக்கு 45 நிமிடம் என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தானே?

முதல் வகைத் தவறுகள் நிறைய இருந்தால் மாக் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்கள். அந்த நிலையில் எழுதும் ஒவ்வொரு மாக்கும் வீண்தான். மற்ற இரண்டும் வாராவாரம் குறைகிறதா என்று பாருங்கள். அப்புறம், கடைசி மூன்று மாக்குகளில் எது குறைவோ அதையே உங்கள் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 685, 645, 655 வந்தன. 645 கிடைத்தாலும் விண்ணப்பிக்கலாம் என்று தோன்றிய பிறகே தேதி போட்டேன், 655 வந்தது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மறுபடி எழுத 16 நாள் இடைவெளி வேண்டும். விண்ணப்பக் கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணி, இன்னொரு தடவைக்கும் இடம் விட்டு முதல் தேதியைப் போடுங்கள்.