தேர்வுப் பட்டியலை மதிப்பெண்ணோடு ஒட்டுங்கள்

ஊட்டியில் நடந்த மாவட்ட சிறுவர் கிரிக்கெட் அணித் தேர்வுக்கு எங்கள் தேயிலைத் தோட்ட லைன் வீட்டுப் பையன் ஒருவனை அழைத்துப் போனேன். அவன் அம்மா தேயிலை பறிக்கிறார். வந்தால் அன்றைய கூலி போய்விடும். கோத்தகிரியிலிருந்து விடியற்காலை பஸ், குளிரில் விரல் மடங்கவில்லை. இரவல் ஷூவின் முனை பிளந்திருந்ததால் டேப் சுற்றியிருந்தான். இடதுகை வேகப்பந்து. வலையில் இரண்டு முறை ஸ்டம்பை எகிற வைத்தான்.

பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஒரு பந்தைக்கூட நேராகப் போடாத இன்னொரு பையன் இருந்தான். அணிக்கு ஜெர்ஸி எடுத்துக் கொடுத்தது அவன் அப்பா. மதிய பிரியாணியும் அவர் செலவுதான், தேர்வாளர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. அவன் என்ன செய்வான்?

மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் மாநில அணி, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு என்று வழி திறக்கும். முதல் படியிலேயே பணம் குறுக்கே நின்றால், இல்லாத வீட்டுப் பிள்ளை எங்கே போவான்? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் வேகப்பந்து வீச்சாளர் நடராஜனும் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்தான். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவரைக் கண்டுகொள்ள ஆள் இருந்தது.

நன்கொடை கொடுக்கட்டும், தாராளமாக. ஆனால் தேர்வு நாளில் பெற்றோர் கயிற்றுக்கு வெளியே நிற்கட்டும். சொந்தக்காரப் பிள்ளை வந்தால் அந்தத் தேர்வாளர் விலகட்டும். ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் அன்றைக்கே மைதானத்தில் ஒட்டட்டும். இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்பும் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பெற்றோர் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.