மூன்றாம் பாகத்தின் திகதித் தாள்

ஒரு தொடர் நாவல் எந்த இடத்தில் சறுக்கியது என்று அறிய அதை வாசிக்க வேண்டியதில்லை. நூலகப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும், திருப்பித் தரவேண்டிய நாளைக் குத்தும் திகதித் தாளைப் பார்த்தால் போதும். முதலாம் பாகத்தில் ஊதா முத்திரைகள் நிறைந்து, அதன்மேல் இன்னொரு தாளும் ஒட்டியிருக்கும். இரண்டாம் பாகத்தில் அரைவாசி. மூன்றாவதில் நாலைந்து முத்திரை, அதுவும் பெரும்பாலும் ஒரே வாசகரின் விடாப்பிடி. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சின்ன நூலகத்தின் இரவல் பகுதியில் வேலை செய்கிறேன். விமர்சனம் எழுதுகிறவர்களை விட இந்தத் தாளைத்தான் நம்புகிறேன்.

எங்களிடம் இருக்கும் ஆங்கில நாவல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பியவை. லண்டனில் யாராவது வீடு மாறினால் இங்கே பெட்டி வரும். இரண்டாம் பாகம் இருக்கும், முதலாம் பாகம் இருக்காது. அப்படிப்பட்ட பெட்டிகளுக்கு நடுவே ஒருமுறை பிலிப் ஹோசே ஃபார்மரின் ‘ரிவர்வேர்ல்ட்’ வரிசையின் முதல் நாலு பாகமும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. 1971இல் வெளியான முதல் பாகம் அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது பெற்றது.

அதன் கதைக்கருவை ஒரே வசனத்தில் சொல்லிவிடலாம். இதுவரை பூமியில் வாழ்ந்து செத்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும், முடிவே தெரியாத ஒரு ஆற்றின் கரையில், இளமையான உடம்போடு ஒரே நாளில் கண்விழிக்கிறார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. யார் எழுப்பினார்கள், எதற்காக என்று ஒருவருக்கும் தெரியாது. இதைச் சொன்னால் போதும், புத்தகம் கையை விட்டுப் போய்விடும். தையல் வகுப்பு முடிந்து வரும் அக்கா ஒருவர் கேட்டு முடிக்கும் முன்பே கேட்டார்: “அப்ப எங்கட அம்மம்மாவும் அங்க இருப்பாவோ? எப்பிடித் தேடிப் பிடிக்கிறது?”

என்னைக் கேட்டால் அந்தத் தொடரின் உயிரே அந்தக் கேள்விதான். எங்கள் ஊரில் அதை எதிர்பார்க்கத்தானே வேண்டும். செத்தவரை மட்டுமல்ல, காணாமல் போனவரைத் தேடும் வீடுகளும் இங்கே இருக்கின்றன. ஆனால் ஃபார்மர் தேடிப் போனது பெயர் பெற்றவர்களை. முதலாம் பாகத்தின் நாயகன் ரிச்சர்ட் பர்ட்டன், நாடுகாண் பயணி. நாஜித் தலைவர் கோரிங்கும் வருகிறார். இரண்டாம் பாகத்தில் மார்க் ட்வெய்ன் ஒரு பெரிய ஆற்றுப் படகு கட்டுகிறார். படகுக்கு இரும்பு வேண்டும், இரும்புக்குச் சண்டை வேண்டும். 1977இல் மூன்றாவது, 1980இல் நாலாவது. ஆற்றைக் கட்டியது யார் என்ற மர்மம் இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் நீண்ட விளக்கமாக வந்து விழுகிறது. அதற்குள் அம்மம்மாவைத் தேடியவர்கள் எல்லாரும் கலைந்து போயிருப்பார்கள். அக்கா முதலாம் பாகத்தையே பாதியில் திருப்பிக் கொடுத்தார். “இதில எல்லாரும் பெரிய ஆக்களா இருக்கினம்” என்றார்.

விடாப்பிடி வாசகர் என்று சொன்னேனே, அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நாலு பாகத்தையும் முடித்துவிட்டு மேசையில் வைத்தார். “கேள்வியை நல்லாப் போட்டிருக்கிறான் பிள்ளை. விடைத்தாளையும் தானே எழுதினதுதான் பிழை.”

அவருக்காகவே ஆர்தர் சி. கிளார்க்கின் ‘ரொண்டெவூ வித் ராமா’வை எடுத்து வைத்தேன். கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008இல் கொழும்பில் காலமானவர். இந்த நாவல் 1973இல் வந்தது. சூரிய மண்டலத்துக்குள் சுமார் 50 கிலோமீற்றர் நீளமான ஒரு உருளை நுழைகிறது. கிரேக்க, ரோமப் பெயர்கள் தீர்ந்துபோனதால் விஞ்ஞானிகள் அதற்கு ராமா என்று பெயர் வைக்கிறார்கள். (உதவிக்கு வந்த பிள்ளை ஒருவர் இதை 294 என்ற சமய நூல் வகுப்பெண்ணில், இராமாயணங்களுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார். கொஞ்சக் காலம் நாவல் தட்டில் தேடிக்கொண்டிருந்தோம்.) மனிதர் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கிறார்கள். கட்டியவர் யாரென்று கடைசிவரை தெரியாது. உருளை தன் பாட்டில் போய்விடுகிறது. பாத்திரங்கள் எல்லாரும் மெலிந்தவர்கள்தான், பெயர்கூட நினைவில் நிற்காது. ஆனால் வாசகர் கேட்பது “இது என்ன?” என்று. கிளார்க்கும் ஒவ்வொரு பக்கத்திலும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

1989, 1991, 1993 என்று ஜென்ட்ரி லீயோடு சேர்ந்து வந்த அடுத்த மூன்று பாகங்களில் அந்தக் கேள்வி போய்விட்டது. பயணிகளின் குடும்பச் சச்சரவு, சதி, அதிகாரப் போட்டி. மனிதர் இல்லை என்ற குறையைத் தீர்க்கத்தான் முயன்றிருக்கிறார்கள், சரி. ஆனால் ராமாவுக்குள் போய் ஆச்சரியப்பட வந்தவருக்கு, பூமியில் தாராளமாகக் கிடைக்கும் சண்டையை ஏன் காட்ட வேண்டும்?

இதற்கு நேர்மாறானது எங்கள் தமிழ்த் தட்டிலேயே இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்தது. ஐந்து பாகம். ஐந்தாம் பாகத்தின் திகதித் தாளும் முதலாவதைப் போலவே நிறைந்திருக்கிறது. கதைக்கரு புதுமையானதல்ல, அரியணைப் போட்டிதான். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதையும் கல்கி கடைசிவரை அறுதியிட்டுச் சொல்லவில்லை. அதற்காக என்னிடம் வந்து கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் ஐந்தாம் பாகத்தைத் திருப்பித் தரும்போதுதான் கோபப்படுகிறார்கள், இரண்டாவதில் அல்ல. ஒரு அத்தியாயம் முடியும்போது வாசகர் என்ன கேட்பார் என்று கல்கிக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் அதைச் சுற்றியே நடக்கிறார். வாரந்தோறும் கடிதங்களைப் பார்க்கும் பத்திரிகைக்காரருக்கு அது கைவந்திருக்கலாம். ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் இடையே வருடக்கணக்கில் தனியே இருந்து எழுதுகிறவர், வாசகர் கேட்டதை மறந்து தன் கேள்வியில் முழுகிவிடுகிறார் போலும்.

இருப்புக் கணக்கெடுப்பு வந்தால், இரவல் போகாத நூல்களைக் கழிக்கச் சொல்வார்கள். ரிவர்வேர்ல்டின் பின்பாகங்களும் ராமாவின் பின்பாகங்களும் பட்டியலில் முதலில் நிற்கும். நான் கழிப்பதில்லை. மேல் தட்டுக்கு மாற்றியிருக்கிறேன். புதிதாக எடுப்பவர்களிடம் “முதலாம் பாகத்தோடு நிப்பாட்டினாலும் நட்டமில்லை” என்று சொல்லிவிடுவேன். அரைவாசிப் பேர் கேட்பதில்லை. கணித மாஸ்டர் இப்போது ரிவர்வேர்ல்டின் ஐந்தாவதையும், 1983இல் வந்ததாம், லண்டனில் இருந்து எடுப்பித்துத் தரச் சொல்கிறார். மேல் தட்டில் அவருக்கு எது வேண்டுமென்றாலும் நானே ஏறி எடுத்துக் கொடுக்கிறேன். அவர் ஏணியில் கால் வைத்தால் எனக்குப் பயம்.